நாலு நிமிடம் இருபது விநாடி

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும், அடுத்து குரல் ஏறும், அதற்குள் எதிரில் இருப்பவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உயரத்தையும் அந்த வாயையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவமனைக்காரர்கள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இவளுக்குக் காரம் வருடா வருடம் கூடிக்கொண்டே வந்தது. வயது நாற்பத்து மூன்று. நானூறு படுக்கை கொண்ட மருத்துவமனையின் நெட்வொர்க் டெக்னீஷியன். அடித்தளத்தில் சலவை அறைக்கும் உடைந்த கட்டில்களை அடுக்கி வைத்த அறைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பொந்து உண்டு. ஜன்னல் கிடையாது. கேபிள் சுருள்களும், பிஸ்கட் டப்பா நிறையக் கேபிள் முனைகளும், கரகரவென்று சுற்றும் ஒரு மேசை விசிறியும் உண்டு. கூரையில் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. அந்த ஸ்பீக்கரைக் கழற்றி எறிய வேண்டும் என்று அவள் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம், அதில் வருவது அவளுடைய நாத்தனாரின் குரல்.

கணவருடைய அக்காவான அந்த அம்மாள் அதே மருத்துவமனையில் அறிவிப்பாளர். தரைத்தளத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறையில் மைக்கின் முன்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் கடுகுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். வாங்கிக் கொடுத்தது உண்மை. அதை அன்று முதல் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிக் காட்டியதும் உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் கடுகின் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது, மைக்கம்மா சபை நடுவில் ஆரம்பித்தார்.

"நான் மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலன்னா, இவ இன்னும் கேபிள் டிவிக் கடையில ரிமோட் வித்துக்கிட்டு இருந்திருப்பா."

கடுகு கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள். "உங்க குரலைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்குது. இனிமே என்கிட்ட பேசாதீங்க, நானும் பேச மாட்டேன்."

சொன்னபடியே இருவரும் பேசுவதை விட்டார்கள். பேச்சை நிறுத்தலாம், காதை என்ன செய்வது? பார்வையாளர் நேரம் முடிந்தது, இன்ன டாக்டர் இன்ன இடத்துக்கு வரவும், வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கவும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் குரல் தலைக்கு மேலிருந்து இறங்கியது. கணீரென்ற குரல்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இந்த நிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

மூன்றாம் மாடியில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு லாரி ஓட்டுநருக்குக் காலை பத்தே முக்காலுக்கு மூச்சு நின்றது. நர்ஸ் உடனே அறிவிப்பு அறைக்குப் போன் செய்தார். அவசரக் குழு, அதாவது ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸ்களும், அதே மாடியின் மறுகோடியில் ஓர் அறையில் தயாராக இருந்தார்கள். ஸ்பீக்கரில் அழைப்பு வந்தால் ஓடி வர வேண்டும் என்பது ஏற்பாடு. அழைப்பு வரவில்லை. நர்ஸ் நெஞ்சை அழுத்திக்கொண்டே காத்திருந்து, பொறுக்க முடியாமல் வேறொருத்தியை ஓடச் சொல்லி, குழு வந்து சேர்வதற்குள் ஏழு நிமிடம் போய்விட்டது. ஓட்டுநரின் உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் தப்பவில்லை.

மைக்கம்மா மூன்று தடவை அறிவித்ததாகச் சத்தியம் செய்தார். மூன்றாம் மாடிக்கு மட்டும் போகும் அறிவிப்பு என்பதால் மற்ற மாடிகளில் யாரும் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கண்ணாடி அறையில் அவரோடு வேறு ஆளும் இல்லை. அந்தப் பழைய மைக் பெட்டி எதையும் பதிவு செய்து வைக்காது.

மருத்துவமனையின் நிர்வாக மேலாளர் கடுகைக் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பவர். அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். சொன்னது எதுவும் ஆனதில்லை என்பது வேறு கதை.

"மூணாவது மாடி ஸ்பீக்கரெல்லாம் நல்லா இருக்கான்னு பாத்துட்டு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

கடுகு மூன்றாம் மாடிக்குப் போனாள். நடைபாதை ஓரத்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று வாரத்துக்கு முன் புதிதாகப் போட்ட ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த மாடியின் பதினான்கு ஸ்பீக்கர்களும் அதில்தான் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. அவள் கை தன்பாட்டில் ஒரு காரியம் செய்தது. அந்தத் தொழிலில் இருக்கும் எல்லார் கையும் செய்யும் காரியம்தான். மின்சாரத்தை அணைத்தாள், பத்து எண்ணினாள், போட்டாள். முதலில் அணைத்துப் போடு, அப்புறம் பார். ஸ்விட்ச் விழித்ததும் ஸ்பீக்கர்களும் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று விழித்தன. தானே பேசாமல் நர்ஸை விட்டு அறிவிப்பு அறைக்குப் போன் செய்யச் சொன்னாள்.

"மூன்றாம் மாடி, சோதனை, சோதனை" என்றது குரல், மணி அடித்தாற்போல.

எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது. 'ஸ்பீக்கர்கள் நன்றாக வேலை செய்கின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அந்தத் தாள் போதுமானதாக இருந்தது. இயந்திரம் சரி என்றால் தப்பு மனுஷியுடையது. பட்டனை அமுக்காமலே மைக்கில் பேசியிருக்கிறார், அதை மறைக்கப் பொய்யும் சொல்கிறார் என்று முடிவு கட்டி, மைக்கம்மாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் பெண்ணை, கெட்ட பெயரோடு வெளியே தள்ளுவதற்கான எல்லா ஏற்பாடும் முடிந்தது.

மூடி மறைப்பானேன், கடுகுக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டனை அமுக்காமல் பேசுவதுதான் அந்த அம்மாளுக்கு வழக்கமாயிற்றே, வாய் முந்திக்கொள்ளும் என்று சலவை அறைக்காரியிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் அந்தச் சிரிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கோபப்படத் தெரியாத மனிதர். குடும்பத்துக்கு வர வேண்டிய கோபம் முழுவதையும் கடுகே வாங்கிக்கொண்டதால் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று மகள் கேலி செய்வாள். அவர் அன்று சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அழுதுக்கிட்டே இருக்கா."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"மெஷின் நல்லா இருக்குன்னு நீதான் எழுதிக் குடுத்தியாம்."

"நல்லா இருந்துச்சு, நல்லா இருக்குன்னு எழுதினேன். உங்க அக்காவுக்காகப் பொய் எழுதணுமா?"

"இருபத்தாறு வருஷமா அமுக்குற பட்டன். அன்னைக்கு மட்டும் மறந்துட்டாளா?"

"வயசாகுதில்ல? மறந்திருப்பாங்க. நான் சோதிச்சுப் பாத்தேன், கேட்டுச்சு. அவ்வளவுதான்."

"எப்படிச் சோதிச்ச?"

"அணைச்சுப் போட்டுப் பாத்தேன். வேற எப்படிப் பாப்பாங்க?"

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வண்டியில பிரேக் புடிக்கலன்னு ஒருத்தன் சொன்னா, நான் வண்டியை நிறுத்தி வச்சுக்கிட்டுப் பெடலை மிதிச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். அவன் ஓட்டின மாதிரியே ஓட்டிப் பாப்பேன்."

கடுகின் மூக்கு நுனி சிவந்தது. வேன் ஓட்டுகிறவர் எனக்கு நெட்வொர்க் சொல்லிக் கொடுக்கிறாரா என்று கத்தினாள். அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்றாள். பாத்திரங்களை இடித்து இடித்துக் கழுவினாள். இத்தனையும் செய்தது அவர் சொன்னது சரி என்று பட்டுவிட்டதால்தான்.

புதன்கிழமை காலை அவள் மூன்றாம் மாடிக்குப் போனது நாத்தனாரைக் காப்பாற்ற இல்லை. கணவரின் வாயை அடைக்க. இந்தத் தடவை ஸ்விட்சைத் தொடவில்லை. அறிவிப்பு அறையில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் போன் செய்து, மூன்றாம் மாடிக்கு ஒரு சோதனை கொடுக்கச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேங்க. பட்டன் விளக்கு எரிஞ்சுது."

"மறுபடி குடுங்க."

மறுபடியும் ஒன்றும் இல்லை. நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டும் சத்தம்தான் கேட்டது. அவள் கை வழக்கம் போல மின்சாரப் பொத்தானை நோக்கிப் போனது. தொடுவதற்கு ஓரங்குலம் இருக்கும்போது, சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

லேப்டாப்பைத் தரையில் வைத்து, ஸ்விட்சோடு கேபிளால் இணைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புத் திரை வந்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கட்டளையைத் தட்டினால் பதில் வரி வரும், அவ்வளவுதான். அந்தத் திரை மட்டும் தனக்குப் பொய் சொன்னதில்லை என்பாள் கடுகு. அதனிடம் நேராகக் கேட்டு அவளுக்கு வெகுநாளாகிவிட்டது என்பதுதான் விஷயம்.

ஒரே பேச்சைப் பல ஸ்பீக்கர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். பழைய ஸ்விட்சுகள் அந்தப் பேச்சை வேண்டியவர் வேண்டாதவர் எல்லாருக்கும் கொட்டிவிடும். புதியது கெட்டிக்காரத்தனம் பண்ணும். யார் யார் வேண்டும் என்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு, ஒரு பட்டியல் போட்டு, அவர்களுக்கு மட்டும் கொடுக்கும். தொழிலில் அதை ஸ்னூப்பிங் என்பார்கள். அடுக்குமாடிக் காவலாளி கதைதான். எந்த வீட்டுக்குப் பேப்பர் வேண்டும் என்று காவலாளி தானாகக் கேட்க மாட்டார். பேப்பர் கம்பெனி ஆள் ஒருவர் அடிக்கடி வந்து, வேண்டுமா வேண்டுமா என்று கதவு கதவாக விசாரிப்பார். உள்ளேயிருந்து வேண்டும் என்று வரும் பதிலைக் காவலாளி ஒட்டுக்கேட்டுப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் பதில் வராத வீட்டை அடித்துவிடுவார்.

கடுகு பட்டியலைக் காட்டச் சொன்னாள். பட்டியல் காலி. பதினான்கு ஸ்பீக்கரில் ஒன்றுகூட அதில் இல்லை.

விசாரிப்பவர் யார் என்று கேட்டாள். யாருமில்லை என்று வந்தது.

மாடியின் கோடியில் இருந்த ஒரே ஒரு ஸ்பீக்கரின் கேபிளைப் பிடுங்கிச் செருகிவிட்டு வந்து, மறுபடி தட்டினாள். இப்போது பட்டியலில் ஒரு வரி. பக்கத்தில் ஓர் எண்: இருநூற்று ஐம்பத்தொன்று. மறுபடி தட்டினாள், இருநூற்று நாற்பது. விழித்தெழுந்த ஸ்பீக்கர் எனக்கு வேண்டும் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறது. ஸ்விட்ச் அதற்கு இருநூற்று அறுபது விநாடி கெடு வைத்திருக்கிறது. அதற்குள் யாராவது விசாரித்தால் ஸ்பீக்கர் மறுபடி பதில் சொல்லும், கெடு நீளும். விசாரிக்கத்தான் ஆளில்லையே. ஐம்பது. முப்பத்தொன்று. பன்னிரண்டு. வரி மறைந்தது. போனில் சோதனை கொடுக்கச் சொன்னாள். அந்த ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டிருந்தது.

நாலு நிமிடம் இருபது விநாடி. அணைத்துப் போட்டால் அவ்வளவு நேரம்தான் உயிர். அதற்குள் சோதித்துப் பார்த்தவளுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஸ்விட்சைப் பொருத்த வந்த கம்பெனிக்காரன் அப்படித்தான் சோதித்துவிட்டுப் போனான். பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவள் இவள். திங்கட்கிழமையும் அப்படித்தான் சோதித்தாள், கையெழுத்துப் போட்டாள். ஒட்டுக்கேட்கும் வசதியைப் போட்டு வைத்தே விற்ற கம்பெனியை முதலில் திட்டினாள். பொருத்தியவனைத் திட்டினாள். திட்டத் திட்டக் கடைசியில் மிச்சம் இருந்தவள் அவள்தான். தரையில் உட்கார்ந்தபடி தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். வழியில் போன நோயாளியின் உறவினர் ஒருவர் பயந்து ஒதுங்கிப் போனார்.

திரையில் வந்த வரிகளை எல்லாம் ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு நேராக ஆகட்டுமின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

அவர் முழுக்கக் கேட்டார். பேனாவை மூடித் திறந்தார். "ஆகட்டும். இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"ஒரு வரிக் கட்டளை சார். விசாரிக்கிற வேலையை அந்த ஸ்விட்சையே பாக்கச் சொல்லிடலாம்."

"அப்ப பண்ணிடுங்க. இத்தோட முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? அவங்க அறிவிச்சிருக்காங்க சார். அது போய்ச் சேரல. அதை எழுதுங்க."

"திங்கட்கிழமை நல்லா இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"தப்பா எழுதிட்டேன். அதையும் எழுதுங்க."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாருங்க. ஸ்விட்ச் பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. திங்கட்கிழமை நல்லா இருந்தது, புதன்கிழமை கெட்டுப்போச்சுன்னா, நடுவுல யாரு கைவச்சாங்கன்னு கேப்பாங்க. நாத்தனாருக்காகப் பண்ணிட்டீங்கன்னு சொல்லுவாங்க."

"நாங்க பேசி ரெண்டு வருஷம் ஆச்சு சார்!" என்று அவள் போட்ட சத்தம் வெளி வராந்தா வரை கேட்டது.

சத்தத்தால் என்ன பயன்? ஆள் சொன்னதில் ஓட்டை இல்லை. ஸ்விட்ச் தனக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். ஆனால் அது மின்சாரம் போனால் அழிந்துவிடும் குறிப்பு. திங்கட்கிழமையின் சாட்சி அதற்குள்தான் இருந்தது. அதை அணைத்துப் போட்டு அழித்தவளும் அவளேதான்.

சாட்சி வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வரை ஸ்விட்சை அப்படியே விட்டு வைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தாறு படுக்கை உள்ள மாடி. அந்த நினைப்பு வந்ததற்காகவே தன்னை இன்னொரு தடவை திட்டிக்கொண்டு மேலே ஓடினாள். வார்டு பொறுப்பாளரான மூத்த நர்ஸைக் கூட்டி வந்து, காலிப் பட்டியலைக் காட்டி, அறிவிப்பு வராததையும் நின்று கேட்க வைத்து, பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கினாள். அப்புறம் அந்த ஒரு வரியைத் தட்டினாள். சற்று நேரத்தில் பட்டியலில் வரிகள் ஏறத் தொடங்கின. பதினான்கும் வந்து சேர்ந்தன. எண்கள் இறங்கின, நூற்றைத் தொடுவதற்கு முன்பே மறுபடி இருநூற்று அறுபதுக்குத் தாவின. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தலைக்கு மேலே தற்காலிகப் பெண்ணின் குரல், பார்வையாளர் நேரம் முடிந்தது என்றது. வேறு குரல். கடுகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

அதே இடம். போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, அதே இடத்தில் ஏணி மேல் ஏறி வைஃபை பெட்டிக்குக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம். அந்த ஸ்பீக்கர் அவள் காதுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நீள மேசையின் ஒரு பக்கம் தலைமை டாக்டர், ஒரு வக்கீல், ஆகட்டும் என மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் மைக்கம்மா. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கேட்டதற்கு அவர் சொன்ன பதில் பக்கத்து நாற்காலிக்கே எட்டவில்லை. மருத்துவமனையையே நிறைத்த குரல் இப்படிச் சுருங்கிக் கிடப்பதைப் பார்க்கக் கடுகுக்கு ஆத்திரமாக வந்தது. சத்தமா சொல்லுங்களேன், நீங்கதான் பேசினீங்களே என்று உலுக்க வேண்டும் போல் இருந்தது.

கடுகு சேமித்த வரிகளைக் காட்டினாள், காவலாளி கதையைச் சொன்னாள். தலைமை டாக்டருக்குப் புரிந்தது. வக்கீலுக்குப் புரிந்தது மாதிரி இருந்தது. ஆகட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு பாஸ்வேர்டு விஷயத்தை எடுத்தார்.

தலைமை டாக்டர் கேட்டார். "இது புதன்கிழமை நிலைமை. திங்கட்கிழமைக்கு முன்னாடியே அந்த மாடி ஊமையா இருந்துச்சுங்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

வாயை மூடிக்கொண்டிருக்க இதுதான் இடம். அணைத்துப் போட்டுச் சோதித்தது தொழிலில் எல்லாரும் செய்யும் தவறு. அதற்கு ஒரு திட்டோடு போய்விடும். அடுத்ததைச் சொன்னால் அதற்கு மன்னிப்புக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

"இருக்கு. நான் இருக்கேன்."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"அந்தத் திங்கட்கிழமைக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடி அந்த மாடியில ரெண்டு மணி நேரம் ஏணி மேல நின்னேன். ரெண்டு மணி நேரத்துல நாலஞ்சு அறிவிப்பாவது வரணும். ஒண்ணுகூட வரல. வரலன்னு எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நிம்மதியா இருந்துச்சு சார்." அவளுடைய குரல் ஏறியது. "இவங்க குரல் இல்லாம நிம்மதியா இருந்துச்சு! அப்பாடான்னு நினைச்சேன். ஏன் வரலன்னு பாக்கறது என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் பாக்கல. ஏணியை மடக்கி எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டேன். அந்த டிரைவர் அப்ப நல்லா இருந்தாரு சார். ஆபரேஷனுக்கே வந்திருக்க மாட்டாரு. அன்னைக்கு நான் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தா அவரு இன்னைக்குப் பேசிக்கிட்டு இருப்பாரு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

கதவோரம் நின்றிருந்த வார்டு பொறுப்பாளர் ஓரடி முன்னால் வந்தார். "எங்களுக்கும் சத்தம் வரல டாக்டர். ரொம்ப நாளா சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருந்தோம். குறைச்சுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டோம்." பயத்தில் இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மைக்கம்மா மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். கடுகுக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். இனி அவள் கையெழுத்து மட்டும் போட்ட சோதனைத் தாள் செல்லாது, அறிவிப்பாளரும் கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஆகட்டும் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்றார்.

வெளியே நடைபாதையில் மைக்கம்மா அவளுக்காகக் காத்திருந்தார். இப்போது குரல் திரும்பியிருந்தது.

"பதினோரு நாள். என் குரல் வரலன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"ஒரு போன் பண்ணியிருந்தா என்ன? ரெண்டு வார்த்தை. வேற யாரை விட்டாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம், அண்ணி."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த 'அண்ணி'. மைக்கம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "இப்ப என்ன, நீதான் என்னைக் காப்பாத்தினேன்னு ஊரெல்லாம் நான் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்" என்றுவிட்டு விறுவிறுவென்று நடந்து போனார். கடுகுக்குக் கோபம் வரவில்லை. வராதது அவளுக்கே புதிதாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு, இனி வாரா வாரம் நடத்த வேண்டிய சோதனை முதல் தடவையாக நடந்தது. ஒரு தடவை அறிவித்து, கெடு கடந்த பிறகு இன்னொரு தடவை அறிவிக்க வேண்டும். கடுகு மூன்றாம் மாடி ஸ்பீக்கருக்குக் கீழே கைக்கடிகாரத்தோடு நின்று, இந்தத் தடவை தானே அறிவிப்பு அறைக்குப் போன் செய்தாள்.

"மூன்றாம் மாடி, சோதனை" என்றது மேலே இருந்த குரல், கணீரென்று.

"வருது அண்ணி."

"நேரத்தைப் பாத்துக்கோ. இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குடுக்கறேன்."

போனை இரண்டு பேரும் வைக்கவில்லை, பேசவும் இல்லை. மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. இரண்டு நிமிடம் போனது.

எதிர் அறைக் கதவு திறந்து ஒரு பெண் வெளியே வந்தாள். லாரி ஓட்டுநரின் மனைவி. பத்து நாளாக மாற்றி மாற்றிக் கட்டும் இரண்டு சேலைகளில் ஒன்று. தலைக்கு மேலே பார்த்தாள், பிறகு கடுகின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"இப்ப நல்லா கேக்குதேம்மா. அன்னைக்கு ஏன் கேக்கல?"

எந்தக் கேள்விக்கும் கடுகிடம் பதில் தயாராக இருக்கும். ஸ்விட்சைப் பற்றிச் சொல்லலாம். கம்பெனியைச் சொல்லலாம். அந்தக் காவலாளி கதையை இன்னொரு தடவை சொல்லலாம்.

"அது கெட்டுப்போனது எனக்கு முன்னாடியே தெரியும்மா. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், கடுகு அதற்கு நின்றுகொடுத்திருப்பாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வார்த்தையாகாத ஒரு சத்தம் வந்தது; அவள் தாழ்ந்த குரலில் ஏதோ பதில் சொல்வது கேட்டது.

கடுகு போனைக் காதிலிருந்து எடுத்தாள். அணைக்கும் பொத்தானைத் தேடிய கண்ணுக்கு அது தெரியவில்லை, திரை மங்கலாகிவிட்டிருந்தது.

"ஏய்" என்றது போன். அத்தனையையும் மைக்கம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. வச்சிடாத."